மடை இல்லாத பாத்தி

எதுவும் படாத இடத்தில் புண் எப்படிப் பெரிதாகும்?

வாழைக் குருத்தைக் கையில் வைத்துக்கொண்டு வள்ளியாத்தாள் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தாள். தினமும் காலையில் கணவனின் புண்ணைக் கழுவி, துணி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அதன்மேல் ஒரு துண்டுக் குருத்தை வைத்துக் கட்டுவாள். பொங்கலின்போது வெற்றிலை அளவுக்கு நறுக்கினால் போதுமாக இருந்தது. இன்று உள்ளங்கை அளவுக்கு நறுக்கியும் ஓரம் வெளியே தெரிந்தது.

அழுக்கு சேர விடவில்லை. வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில்தான் கழுவுகிறாள். நாமக்கல் டாக்டர் கொடுத்த மருந்துப் பொடியைத் தூவுகிறாள். படுக்கை இலவம்பஞ்சு மெத்தை. புண்ணோ அந்த மெத்தையைக்கூடத் தொடவில்லை. நடுவில் ஓட்டை விட்ட ஒரு துணிச் சும்மாட்டின்மேல் நாச்சிமுத்துவின் இடுப்பை ஏற்றி வைத்திருந்தார்கள். வளையத்தின் நடுவே, காற்றில், புண் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்படியும் அது வளர்ந்தது. இன்றைக்குப் புதிதாக ஒன்றையும் கண்டாள். புண்ணைச் சுற்றி, கொஞ்சம் தள்ளி, கருநீலமாக ஒரு வட்டம். நிலவைச் சுற்றிக் கோட்டை கட்டியதுபோல.

தோட்டத்துக் கிணற்றில் நாச்சிமுத்து விழுந்தது ஐப்பசியில். மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தபோது வடக்கயிறு அறுந்தது. கிணற்று மேட்டில் அந்தக் கயிற்றைப் பிடித்து நின்றவர் உள்ளே போனார். மேலே கொண்டு வந்தபோது உயிர் இருந்தது, இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. முதுகெலும்பு கூடும்வரை அசைக்கவே கூடாது என்றார் டாக்டர். தை மாதம் வந்து பார்த்து, எலும்பு கூடிவிட்டது என்றார். புண்ணைப் பார்த்ததும்தான் அவர் முகம் மாறியது. "இதன்மேல் எதுவும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எலும்புவரை போய்விட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எதுவும் படக் கூடாது. அந்த வார்த்தையைக் கேட்டு, அந்தச் சும்மாட்டைச் செய்துகொண்டு வந்தவள் நாச்சிமுத்துவின் அக்கா சென்னியம்மாள்.

அவளுடைய வில்வண்டி வாசலில் வந்து நின்ற சத்தம் கேட்டது.

"ஏம் புள்ள வள்ளி, எப்படியிருக்குது இன்னிக்கி?"

"கொஞ்சம் எச்சாத்தானுங்க, நங்கையா" என்றாள் நாத்தனாரிடம்.

சென்னியம்மாள் நறுக்கிப் போட்டிருந்த குருத்தைக் குனிந்து எடுத்தாள். தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"போதும். பொழுது சாஞ்சதும் வண்டி பூட்டறோம். எம்பட ஊருக்குக் கூட்டிக்கிட்டுப் போறன். எடப்பாடிப் பக்கம் வைத்தியரு இருக்கறாரு, நாம் பேசிட்டு வந்திருக்கறன்."

"வண்டியில போட்டு ஆட்டக் கூடாதுன்னு டாக்டரு சொன்னாருங்களே."

"மெத்தையில போட்டு ஆட்டாம வெச்சு மட்டும் என்னாச்சு? ஆயி செத்தப்ப அவனுக்குப் பல்லுகூட மொளைக்கல. இடுப்புல வெச்சு வளத்துனவ நானு. உங்கையில குடுத்தன். நீ பாத்துக்கிட்ட லட்சணம் இந்த எலையிலயே தெரியுதே!"

அவ்வளவு தூரம் கல்லும் குழியுமான வண்டித் தடம். அந்தக் குலுக்கலுக்குப் பிறகு புண் எலும்பைத் தொடாமல் இருக்குமா? ஆனால் போகக் கூடாது என்று சொல்ல அவளிடம் என்ன இருக்கிறது? புண் ஏன் வளர்கிறது என்பதற்கே பதில் இல்லையே.

உள்ளிருந்து நாச்சிமுத்துவின் குரல் வந்தது.

"ஏனக்கா, நான் என்ன கன்னுக்குட்டியா? வண்டியில ஏத்திச் சந்தைக்கு ஓட்டப் பாக்கற?"

"சும்மா கெட சாமி. வாய் மட்டும் கொறையல."

"அது ஒண்ணுதான் இன்னும் எம்பேச்சக் கேக்குது. அதையும் கொறைக்கச் சொல்றயா?" அவர் சன்னல் பக்கம் கண்ணைக் காட்டினார். வாசல் முழுக்க மிளகாய்ப் பழம் சிவப்பாகக் காய்ந்துகொண்டிருந்தது. "அதைப் பாரு. மொளகாயக் காயப் போட்டாக்கூட ரெண்டு பக்கமும் திருப்பி உடறீங்க. என்னயத்தான் ஒரே பக்கமாக் காய வெச்சிருக்கறீங்க."

"புண்ணு சும்மாட்டு நடுவுலயே இருக்கோணும். அசைஞ்சா வெலகிப்போகும்" என்றாள் சென்னியம்மாள். வளையத்தின் ஓரத்தைத் தொட்டுச் சரி பார்த்தாள். அரக்கு நிறத்தில் மஞ்சள் கரை. அது அவளுடைய கல்யாணக் கூறைப் புடவை. தம்பிக்காகப் பெட்டியிலிருந்து எடுத்துத் திரித்துச் சுருட்டியிருந்தாள்.

நாச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டார். "காலு ரெண்டும் எங்கியோ வாய்க்கால்ல நின்னுக்கிட்டிருக்கறாப்பலயே இருக்குது. தண்ணி சில்லுனு போகுது. கண்ணு முழிச்சாத்தான் இல்ல." பிறகு, யாரையும் பார்க்காமல் கேட்டார்: "தங்கசாமி இன்னிக்கும் உள்ள வல்லியா?"

தங்கசாமி அவருடைய தம்பி, அப்பாவின் இரண்டாம் தாரத்து மகன். விபத்தன்று மாடு ஓட்டிக்கொண்டிருந்தவன். அன்றிலிருந்து அவன் அண்ணன் இருக்கும் அறையின் வாசற்படியைத் தாண்டவில்லை. தோட்டத்து வேலை எல்லாவற்றையும் ஒற்றையாளாகச் செய்கிறான். சோற்றைக்கூட அங்கேயே கொண்டுவரச் சொல்கிறான்.

உச்சி வேளைக்கு வள்ளியாத்தாள் சோற்றுப் போசியைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்குப் போனாள். தலையில் பழந்துணிச் சும்மாடு, அதன்மேல் போசி. மாசி வெயிலில் வானம் வெளுத்துக் கிடந்தது. தூரத்தில் நாமக்கல் பாறை கானலில் அரைகுறையாக மிதந்தது.

கவலை ஓடிக்கொண்டிருந்தது. மாடுகள் பின்னால் வரும்போது உருளை முனகியது. முன்னால் போகும்போது தண்ணீர் தொட்டியில் கொட்டியது. முனகல், கொட்டல், முனகல், கொட்டல். அந்தச் சத்தத்துக்கு ஒரு தூக்கம் உண்டு. இரவெல்லாம் கண் விழித்தவளுக்கு அது தாலாட்டாக இருந்தது.

"சித்த நேரம் இருங்க. இந்த மாட்டுச் சோடிய மாத்திட்டு வந்தர்றன்" என்றான் தங்கசாமி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

வள்ளியாத்தாள் புங்க மரத்தடியில் உட்கார்ந்தாள். பக்கத்துக் கல்லின்மேல் சும்மாட்டைப் போட்டு, அதன்மேல் முன்கையை வைத்து, கையின்மேல் தலையைச் சாய்த்தாள். ஒரு நிமிஷம்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

கனவில் அவள் நிலத்தின்மேல் நடக்கவில்லை, தோலின்மேல் நடந்தாள். அது நாச்சிமுத்துவின் முதுகு. தோட்டம்போல விரிந்து கிடந்தது. மேலே காய்ந்த மண்போல ஒரு மெல்லிய படலம். அதன் கீழே ஈரம். ஈரத்துக்குள் எத்தனையோ சின்னச் சின்ன வாய்க்கால்கள், முடியைவிட மெல்லியவை, சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தன.

கனவில் வந்ததென்றாலும் அது பொய்யல்ல. நம் தோல் ஒற்றைத் துணி இல்லை. மேல்தோலில் இரத்தம் ஓடுவதே கிடையாது; அதனால்தான் லேசாகச் சிராய்த்தால் இரத்தம் வருவதில்லை. அது தினமும் பொடிப்பொடியாக உதிர்ந்து, கீழிருந்து புதிதாக வளர்ந்துகொண்டே இருக்கிறது. வளர்வதற்குச் சாப்பாடு வேண்டுமே? அது அடித்தோலிலிருந்து வருகிறது. வியர்வை ஊறும் இடம், முடியின் வேர், சூடும் வலியும் தெரிகிற நரம்பு, மயிரிழை போன்ற இரத்தக் குழாய் எல்லாம் அங்கேதான். அதற்கும் கீழே மெத்தைபோலக் கொழுப்பு, சதை, எலும்பு. தொடையில் இந்த மெத்தை கனம். இடுப்புக்குப் பின்னால், முதுகெலும்பு முடிகிற இடத்தில், எலும்புக்கும் தோலுக்கும் நடுவே மெத்தை என்று சொல்ல ஒன்றுமே இல்லை.

கனவில் யாரோ வாய்க்கால்மேல் உட்கார்ந்திருந்தார்கள். எழுந்திரு என்று சொல்ல வாயெடுத்தாள். குரல் வரவில்லை. கைதான் வலித்தது.

வலியில் விழித்தாள்.

முன்கை மரத்துப் போயிருந்தது. தூக்கிப் பார்த்தாள். வெயில் படாத உட்பக்கத்தில் சும்மாட்டின் வளையம் அப்படியே பதிந்திருந்தது. வளையம் பதிந்த தடம் இரத்தம் வற்றி வெளுத்திருந்தது. அவளை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்தத் தடம் அல்ல. அதன் நடு.

நடுவில் எதுவும் படவில்லை. ஓட்டைதானே? ஆனால் அந்த இடம்தான் உப்பி, நீலம் பாய்ந்து, தொட்டால் யாருடைய கையோ என்பதுபோலக் கிடந்தது.

மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். வெளுத்த வளையம் முதலில் சிவந்தது. பிறகு, ஓரத்திலிருந்து உள்ளே, நடுவுக்குச் சிவப்பு மெதுவாகப் பரவியது. எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுத்தது. ஓரம் திறந்த பிறகுதான் நடுவுக்கு உயிர் வந்தது.

"சோறு ஆறிப்போச்சுங்களா?" தங்கசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

வள்ளியாத்தாள் எதிரே இருந்த ராகிப் பாத்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் பச்சை. ஒன்று மட்டும் மஞ்சள்.

"தம்பி, அந்த ஒரு பாத்தி மட்டும் ஏன் இப்படிக் கெடக்குது?"

"அதுங்களா? போன வாரம் வரப்பு போட்டப்ப மடையையும் சேத்து அடைச்சுப்போட்டனாட்ட இருக்குது. நாலு பக்கமும் கரை. பொறவு தண்ணி எப்படி உள்ள போகும்?"

"பாத்தி மேல ஒண்ணும் பாரம் இல்லியே. சும்மாதான கெடக்குது?"

தங்கசாமி அவளை விநோதமாகப் பார்த்தான். "மேல பாரம் இல்லாட்டி என்னங்க? பயிரு மேலயிருந்தா குடிக்குது? பக்கத்துல இருந்து வரோணும். சுத்தி அடைச்சா நடுவு சாகும். இதுகூடவா..."

அவன் முடிக்கவில்லை. அவள் எழுந்து வீட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தாள். பிறகு திரும்பிக் கூப்பிட்டாள்.

"நீங்களும் வாங்க."

"நானுங்களா? மாடு..."

"மாடு நிக்கட்டும். உங்கண்ணனத் தூக்க எனக்கு ஒரு கை கொறையுது."

வீட்டில் சென்னியம்மாள் வண்டியில் வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தாள்.

"நங்கையா, உங்க கையச் சித்த குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்கன்னா குடுங்க."

மூத்தவளிடம் அவள் அப்படிப் பேசியதே இல்லை. அந்த வியப்பிலேயே சென்னியம்மாள் கையை நீட்டினாள். வள்ளியாத்தாள் தன் பழஞ்சும்மாட்டை ஆட்டுக்கல்லின்மேல் வைத்து, நாத்தனாரின் முன்கையை அதன்மேல் வைத்து, நிறைகுடம் ஒன்றைக் கொண்டுவந்து அந்தக் கையின்மேல் தாங்கிப் பிடித்தாள்.

"கூறுகெட்டுப் போச்சா உனக்கு? கை போகுது!"

"வலிக்குதுங்களா?"

"வலிக்காம? எடு புள்ள!"

"இன்னுஞ்சித்த நேரம். உங்களுக்கு வலிக்குது, எடுக்கச் சொல்றீங்க. தூங்கறப்பக்கூட நம்ம தோலு நம்மளக் கூப்புடுது, நாம பொரண்டு படுத்துக்கறோம். அவருக்கு அந்தக் கூப்பாடு கேக்கறதில்லீங்க."

குடத்தை எடுத்தாள். கையைத் திருப்பிக் காட்டினாள். வெளுத்த வளையம். நடுவில் உப்பிய நீலம்.

"நடுவுல ஏதாச்சும் பட்டுதுங்களா?"

சென்னியம்மாள், சிவப்பு ஓரத்திலிருந்து உள்ளே ஊர்ந்து வருவதைப் பார்த்தாள். அவளும் தோட்டம் செய்கிறவள்தான். பாதியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அப்ப... அந்தச் சும்மாடு..."

"நாலு பக்கமும் கரை கட்டிப்போட்டமுங்க. மடையே உடல."

வாசலில் மிளகாய் வாசம் மூக்கில் ஏறியது. சென்னியம்மாள் ஆட்டுக்கல்லில் கையை ஊன்றிக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

"எங்கூறைப் புடவை புள்ள அது. மெத்துனு இருக்கோணும்னு பாத்துப் பாத்துத் திரிச்சனே. நாந்தான் அந்தப் புண்ண எந்தம்பியத் திங்க உட்டனா?"

"நீங்க மட்டுமா? நாந்தான் தெனமும் அதைச் சரி பண்ணிச் சரி பண்ணி வெச்சன். படக் கூடாதுன்னு டாக்டரு சொன்னது சரிதான். நாம அதைச் சும்மாடுன்னு புரிஞ்சுக்கிட்டோம். தலையில தண்ணி தூக்கற புத்தி."

உள்ளேயிருந்து, "அங்க என்ன, பஞ்சாயத்தா? இல்ல வண்டியில ஏறோணுமா?" என்று குரல் வந்தது.

"ஏற வேண்டாம் சாமி" என்றாள் சென்னியம்மாள். எழுந்து உள்ளே போனாள்.

இடுப்பைத் தூக்கிக் கொடுத்தபோது சும்மாட்டை அவளே உருவி எடுத்தாள். தூர எறியத்தான் போனாள். வள்ளியாத்தாள் தடுத்தாள். முடிச்சை அவிழ்த்தாள். உதறினாள். கூறைப் புடவை சுருக்கம் சுருக்கமாக, நீளமாக, அறையின் குறுக்கே விரிந்தது.

"இதுதானுங்க வேணும். நாலா மடிச்சு இவருக்கு அடியில விரிச்சா, இந்தத் தலைப்ப நீங்க பிடிக்கலாம், அந்தத் தலைப்ப ஒருத்தரு பிடிக்கலாம். தோலு ஒராயாம தூக்கித் திருப்பலாம்."

"அந்தத் தலைப்ப யாரு பிடிக்கறது?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

மூவரும் வாசற்படியைப் பார்த்தார்கள். தங்கசாமி படிக்கு வெளியே நின்றிருந்தான். கால்விரல்கள் படியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன, அது கிணற்று மேடு என்பதுபோல.

"வாடா" என்றார் நாச்சிமுத்து. "உந்தலையில இடிக்காது. கதவு நெலை ஒசரமாத்தான் இருக்குது."

அவன் குனிந்தே உள்ளே வந்தான். புடவையின் தலைப்பைப் பிடித்தான். வள்ளியாத்தாள் தோளைத் தாங்கினாள். இழுக்காமல், தேய்க்காமல், தொட்டில் அசைவதுபோல ஒரே தூக்கு. நாச்சிமுத்து இடப்பக்கம் ஒருக்களித்தார். முதுகுக்கு ஒரு தலையணை அண்டக் கொடுத்தாள். முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. குதிகால் மெத்தையில் அழுந்தாமல் கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று.

மாதக்கணக்காகக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு முதல்முறையாகத் தோட்டம் முழுவதும் சன்னலில் தெரிந்தது. வாய்க்காலில் தண்ணீர் மின்னியது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அட, வேற ஊருக்கு வந்தாப்பல இருக்குதே" என்றார் மெதுவாக. "வண்டியே பூட்டாம."

சென்னியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வண்டி மாட்டை அவிழ்த்துக் கட்டுத்தறியில் கட்டப் போனாள். இரவில் தம்பிக்குத் துணை நிற்பதாகவும், கொஞ்ச நாள் ஊருக்குப் போகப் போவதில்லை என்றும் போகிற போக்கில் சொன்னாள்.

பொழுது சாயும்வரை வள்ளியாத்தாள் புண்ணின் பக்கத்திலிருந்து நகரவில்லை. இறங்கு வெயில் சன்னல் வழியாக வந்து நாச்சிமுத்துவின் முதுகில் விழுந்தது. கருநீல வட்டத்தில் இன்னும் மாறாத இடங்கள் இருந்தன. ஆனால் ஓரிடத்தில் நிறம் கொஞ்சம் தெளிந்து சிவந்திருந்தது. அங்கே விரல் நுனியை வைத்து அழுத்தினாள். எடுத்தாள். விரல் பட்ட இடம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு சிவப்பு திரும்பி வந்தது.

மீண்டும் அழுத்தினாள். வெளுத்தது. வந்தது.

"என்ன பண்ற?"

"தண்ணி வருதான்னு பாக்கறனுங்க, மாமா."

"வருதா?"

"ஒரு மூலையில வருதுங்க."

இனி அது ஆற நாளாகும். ஆழமான புண் அடியிலிருந்து சதை வளர்ந்துதான் மேலே மூட வேண்டும். அந்த மாறாத நீலம் எங்கே போய் முடியும் என்பதும் இன்று தெரியாது. ஆனால் மடை திறந்துவிட்டது.

மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டுத் திரும்பி வந்த தங்கசாமி, புடவைத் தலைப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். ஒருக்களித்துப் படுத்திருந்த அண்ணனின் முகம் இப்போது அவன் முகத்துக்கு நேரே இருந்தது.

"அண்ணா, அந்த வடக்கயிறு..." என்று ஆரம்பித்தான்.

கிணற்றுப் பக்கம் கட்டியிருந்த மாடு கத்தியது. அவன் நிறுத்திக்கொண்டான்.

"நாளைக்குச் சொல்லு" என்றார் நாச்சிமுத்து. "நாளைக்கும் நீதான வரோணும், என்னயத் திருப்பறதுக்கு?"

தங்கசாமி தலையை ஆட்டினான். "எப்பப்ப வரட்டுங்க?" என்று வள்ளியாத்தாளைக் கேட்டான்.

அவள் யோசிக்கவே இல்லை. கவலையில் ஒரே சோடி மாட்டை நாள் முழுக்க ஓட்டுவார்களா? களைத்துப்போகும் முன்பே அவிழ்த்து, அடுத்த சோடியைப் பூட்டுவார்கள். தோலுக்கும் அதே கணக்குத்தான்.

"கவலையில நீங்க சோடி மாத்தறப்பெல்லாம் வாங்க, இவரையும் பக்கம் மாத்தலாம். எடப்பக்கம், வலப்பக்கம், பொறவு எடப்பக்கம். புண்ணு ஆறுற வரைக்கும் மல்லாக்கப் படுக்க வேண்டாம். ராத்திரியில நானும் நங்கையாளும் சேந்து திருப்பறோம். இனி சும்மாடு வேண்டாம்."